நடுவில் விட்ட இடம்

வீணை ஓய்ந்தது. காளிராஜ் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைத்தான் காணோம்.

சுற்றுக்கு ஒரு தரம் கடக்கென்று இடிக்கிற பழைய விசிறி அது. கீழே அச்சகத்தில் மிஷின் ஓடுவது தரை வழியாக உள்ளங்காலில் அதிர்ந்தது. அதற்கும் சத்தம் இல்லை. அடுப்படியில் மனைவி பொன்னுத்தங்கம் தாளிக்கிற வாசனை மூக்குக்கு வந்துவிட்டது, கடுகு வெடிப்பது காதுக்கு வரவில்லை. கையைத் தட்டிப் பார்க்கலாமா என்று அவர் நினைத்த நேரத்தில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. விசிறி, மிஷின், கடுகு, தெருவில் போகிற மினி பஸ்ஸின் ஹாரன். கடைசியாக வலது காதுக்குள் அந்த ரீங்காரம்.

காது அடைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார். வேறு எதையும் எண்ண அவருக்கு விருப்பமில்லை.

திருத்தங்கலில் அவருக்குச் சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம். கீழே மிஷின், மேலே வீடு. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் தொழில். போன வருஷம் தீபாவளி சீசனில், அடித்த மாதிரித் தாளைக் காட்டிக் கலர் சரிபார்க்க அச்சங்குளத்தைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தார். ஆபீஸ் வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தபோது தூரத்து ஷெட் ஒன்று வெடித்தது. அந்த ஷெட்டுக்குள் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. காளிராஜுக்கு ஒரு கீறல் இல்லை. சட்டையெல்லாம் மோர், அவ்வளவுதான். ஆனால் அன்று காதுக்குள் புகுந்த ரீங்காரம் பிறகு வெளியே போகவே இல்லை.

பழைய டிவியைப் போட்டதும் வருமே, ஊசி மாதிரி ஒரு சத்தம், அது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது. மதுரை டாக்டர் நரம்பு அடிபட்டிருப்பதாகவும், பழகிக்கொள்வதைத் தவிர வழி இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். பழகவில்லை. தூக்கம் போனது. மிஷினில் சிவப்பு மை இடம் விலகி விழுவது கண்ணுக்குத் தெரியாமல் போய், ஒரு பெரிய ஆர்டர் முழுக்கப் பாழானது. ஒருநாள் மகள் ஹர்ஷினி தட்டைக் கீழே போட்டதற்கு அவளை அறைந்துவிட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து வீட்டில் அது கொலுசு போடுவதில்லை.

பாட்டுப் போட்டுக் கேட்டால் அந்தச் சத்தம் அமுங்கும் என்று யாரோ சொன்னார்கள். புது சிடி பிளேயர் வாங்கினார். ரீங்காரம் இன்னும் கூர்மையானது. அந்தச் சமயத்தில்தான், கூடப் படித்த மீரான் மைதீனைத் தேடி விருதுநகர் போனார்.

மீரான் மைதீனுக்கு பஜாரில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற கடை. பாட்டுக் கேட்பதில் பைத்தியம். காளிராஜ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காளிராஜின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற, அச்சுப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, மேஜையில் கிடந்த காலண்டர் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி, படம் என்கிறதே புள்ளிகள்தான், நடுவில் இருப்பது வெறும் தாள், சிடியில் பாட்டும் அப்படித்தான் என்றார். புது மெஷின்கள் அந்த இடைவெளியைச் சும்மா விடுவதில்லை. இங்கே இதுதான் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் தாமாகப் புள்ளிகளை நிரப்பி வழவழப்பாக்குகின்றன. அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னாலும் பின்னாலும் லேசாக ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். ஆரம்ப காலத்து மெஷின் ஒன்றிரண்டு அந்த வேலையே செய்யாது. புள்ளியைப் புள்ளியாகக் கொடுத்துவிட்டு நடுவில் விட்ட இடத்தை அப்படியே விட்டுவிடும்.

"மெட்ராசுல பெரிய பெரிய ஆளுகளே இப்ப புதுச கழிச்சிட்டு அதத்தான் தேடுதாக," என்றார் மீரான் மைதீன். "கேட்டா, பாட்டு மூச்சு விடுதுங்காக."

உடைசலில் எடுத்த எண்பதுகளின் சிப் ஒன்றை வைத்து அவரே ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தார். கரண்டில் இரைச்சல் இருக்கும் என்று, பெட்டி, பிளேயர், ஹெட்போன் எல்லாமே கார் பேட்டரியில் ஓடும்படி செய்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வீணை சிடியைப் போட்டார் காளிராஜ். முதல் மீட்டலில் ரீங்காரம் நின்றது. அமுங்கவில்லை, நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் ஓவென்று அழ, பொன்னுத்தங்கம் கரண்டியோடு ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு நல்ல நாட்கள் வந்தன. தூங்கினார். மகளை ஸ்கூலுக்கு பைக்கில் கொண்டுபோய் விட்டார். தினமும் மத்தியானம் மேல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். வீணையின் ஒரு தந்தி அடங்கி அடுத்த தந்தி எழுவதற்குள் இருக்கிற அந்த இடம், அதில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது, அதற்காகவே கேட்டார். போகப்போக வீணையே இடைஞ்சலாகத் தெரிந்தது.

விசிறியின் சத்தம் திரும்பி வரத் தாமதமானது அந்த நாட்களில்தான். முதலில் ஒரு மூச்சு நேரம். பிறகு எழுந்து போய் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்க்கிற நேரம். தெருவில் பால்காரரோடு சண்டை போடுகிறவளின் வாய் மட்டும் அசையும். இரண்டு நாய்கள் ஒன்றையொன்று பார்த்துப் பல்லைக் காட்டும். சத்தமில்லாமல் எல்லாம் பொம்மை மாதிரி நடக்கும். பயமாக இருந்தது. ஆனால் ரீங்காரமும் இல்லையே. ஒருநாள் மேஜையில் ஓரமாக வைத்த லேபிள் தாள்கள் அவர் கண் திறந்தபோது நடுமேஜைக்கு வந்திருந்தன. விசிறிக் காற்று என்றார் தனக்குத் தானே. இன்னொரு நாள் ஜன்னல் திரை உள்பக்கமாக உப்பி நின்றது. ஆடவில்லை. நின்றது. ஹெட்போன் இருக்கிற பக்கமாக.

மீரான் மைதீனுக்குப் போன் போட்டார். அவர் மறுநாளே பஸ் ஏறி வந்து, பெட்டியைத் திறந்து கம்பிகளைத் தொட்டுப் பார்த்து, பழுது ஒன்றும் இல்லை என்றார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஆரம்பத்தில் முகம் மலர்ந்தது. விரல் தொடையில் தாளம் போட்டது. தாளம் நின்றது. கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. இரண்டு கையாலும் ஹெட்போனைக் கழற்றிப் பாம்பை வைப்பது மாதிரி தரையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இதுல யாரோ மூச்ச உள்ள இழுத்துக்கிட்டே இருக்காக," என்றார். "விடவே மாட்டேங்காக."

பெட்டியைத் தன்னோடு எடுத்துப்போய் உடைத்துவிடுவதாகச் சொன்னார். காளிராஜ் குறுக்கே நின்றுகொண்டார். அவர் கால் வரைக்கும் குனிந்து கெஞ்சினார். பாய், இது இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன் என்றார். மீரான் மைதீன் அவரைத் தூக்கி நிறுத்தி, பிள்ளை இருக்கிற வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு, பொன்னுத்தங்கம் கொண்டுவந்த காபியைத் தொடாமல் படியிறங்கினார்.

அவர் போன பிறகு காளிராஜுக்கு நினைவு வந்தது. அச்சங்குளத்தில் சத்தம் முதலில் வரவில்லை. அதற்கு முன்னால் வேறு ஒன்று இருந்தது. மோர் டம்ளரை வாயில் வைத்திருந்தார். ஆபீஸ் வாசல் வேம்பில் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஊமையாகின. பீரோ மேலிருந்த காகிதங்கள் கதவு வழியாக வெளியே, ஷெட் இருக்கிற திசைக்கு, தாமாக நழுவின. வேட்டி பின்னங்காலில் ஒட்டி முன்பக்கம் புடைத்தது. உலகமே அந்த ஷெட்டுக்குள் இழுபட்டது போல ஓர் அமைதி. இவ்வளவு சுகமான அமைதியை அதுவரை அனுபவித்ததில்லை என்று அந்தக் கணத்தில் தோன்றியதும் நினைவு வந்தது. பிறகுதான் வெடித்தது.

அன்றே பெட்டியைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்.

ரீங்காரம் காத்திருந்தது போல வந்தது. இப்போது இரண்டு காதிலும். ராத்திரிகளில் சுவரில் தலையை முட்டினார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பேசுகிறவர்களின் வார்த்தை புரிவது நின்றது. பொன்னுத்தங்கம் சொல்வதை வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மகளைப் பாட்டு டீச்சர் வீட்டுக்கு, கூடப் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு என்று எங்கேயாவது அனுப்பிக்கொண்டே இருந்தாள் அவள். தகப்பனை இந்தக் கோலத்தில் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே காளிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி. காதிலிருந்து தாடை வழியாக ரத்தம். குச்சியை மறுபடி காதுக்குக் கொண்டுபோன கையைப் பொன்னுத்தங்கம் பிடித்துக்கொண்டாள்.

அவளைப் பார்த்தார். பிழைக்க வழி இல்லாத மாடு பார்ப்பது மாதிரி.

அவள் அவரை அறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள். சாக்கை இறக்கினாள். ஒயர்களைச் சொருகினாள். அவர் தலையை மாட்டேன் மாட்டேன் என்று ஆட்ட, அவர் முகத்தை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். அவள் சொன்னது அவருக்கு வாயசைவில் புரிந்தது.

"கேளுங்க. என்னமும் ஆயிட்டுப் போகுது. நீங்க இருந்தாப் போதும் எங்களுக்கு."

முதல் மீட்டல்.

ரீங்காரம் நின்றது.

அவர் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டார். கண்ணீர் மூக்கின் மேல் வழிந்து ஓடியது. கரண்ட் போய்விட்டிருந்தது, விசிறி நின்றிருந்தது, அறைக்குள் வெக்கை, மூடிய ஜன்னல் கண்ணாடியில் வெயில், கீழே அச்சகத்திலிருந்து ஏறிவரும் மை வாசனை, அவள் சேலையில் மஞ்சள் வாசனை, கன்னத்தில் அவள் கை. இரண்டாவது மீட்டல் வந்தது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை.

கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். பொன்னுத்தங்கம் குனிந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் கலைந்திருந்த முடிகள் கீழே தொங்கவில்லை. வளைந்து, அவர் காது இருக்கும் பக்கம் நீண்டிருந்தன. ஒவ்வொரு முடியும். தாலிக்கயிறும் அப்படியே. அவளுக்குத் தெரியவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். பேட்டரி ஒயரை அறுத்தார். பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சிதறியது. சத்தம் இல்லை. அவள் பதறி எழுந்து என்னவோ கேட்டாள். சத்தம் இல்லை. தன் தொண்டையில் கையை வைத்துக் கத்திப் பார்த்தார். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

உடைந்த பெட்டியின் துண்டுகள் தரையில் ஊர்ந்தன. பெட்டி இருந்த இடத்துக்கு அல்ல. அவரை நோக்கி.

படியில் விழுந்து இறங்கினார். அச்சகத்தில் அடுக்கி வைத்த லேபிள் தாள்கள் ஒவ்வொன்றாக நழுவி அவர் பின்னால் வந்தன. தெருவுக்கு ஓடினார். வெடிப்பதற்குள் விலக வேண்டும். வீட்டை விட்டு, அவளை விட்டு, வெட்டவெளி எங்கேயாவது. வெயில். காற்றே இல்லை. எதிர்வீட்டுக் கொடியில் காயும் சேலைகள் அவர் பக்கம் விறைத்து நின்றன. தெருக்கோடி வேம்பின் இலைகளும் அவர் பக்கம். புழுதி தரையோடு தரையாக, நாலா பக்கமிருந்தும், அவர் காலை நோக்கி ஓடிவந்தது.

தெருமுனையில் ஹர்ஷினி திரும்பினாள்.

டீச்சர் வீட்டிலிருந்து வருகிறாள். கையில் பை. பாவாடை முன்பக்கமாகப் பறந்தது. முதுகில் ஏதோ தள்ளுகிறதை உணர்ந்து நின்று, திரும்பிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டு சிரித்தாள். அவர் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். போ என்று கத்தினார். அப்பா தன்னைக் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு கையை விரித்துக் கூப்பிடுகிறார்.

பையைக் கீழே போட்டாள். அது நிற்காமல் அவளுக்கு முன்னால் உருண்டது. கைகளை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, ஓடி வந்தாள். காளிராஜ் அவளை விட்டு விலகப் பின்பக்கமாக ஓடினார். அவர் ஓட ஓட அவள் இன்னும் வேகமாக வந்தாள். அவள் கால்கள் இப்போது தரையில் படவில்லை.