உரிமையாளர் கண்ணுக்கு மட்டும்

மருந்துக் கடைக்காரர் போன் செய்தபோது அவள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மேடம், எங்க லிஸ்ட்ல 'சிட்டு'ன்னு புதுசா ஒரு டேட்டாபேஸ் தெரியுது. பக்கத்து வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற மாதிரி கூச்சமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிட்டு என்பது அவள் மகளின் செல்லப் பெயர். பள்ளி விட்டு வந்த குழந்தை அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பல கடைகளின் கணக்குகள் அந்த ஒரே சர்வரில் இருந்தன. ஒருவருடையது இன்னொருவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு டேட்டாபேஸை மறைத்துவிட்டால், அதன் உரிமையாளருக்கும் சர்வரைக் கவனிக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அதனால் யாருடையது என்று கேட்காமல் அவள் எதையும் மறைத்ததில்லை. அன்று மழை வலுத்துக்கொண்டே வந்தது. கேட்காமல் மறைத்தாள்.

அவளுடைய லிஸ்டிலிருந்தும் பெயர் போய்விட்டது.

அப்படி ஆகக் கூடாது.

ஜன்னல் கண்ணாடியில் மழை வழியும் ஓசைக்கும், சர்வர் அறைக்குள் விசிறிகள் ஓயாமல் முனகுவதற்கும், ஈரக் கம்பளத்தின் புழுங்கிய வாடைக்கும் நடுவே இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கிரேயான் உரசும் சத்தம் நின்றிருந்ததை அவள் மெல்ல உணர்ந்தாள்.

திரும்பினாள். நாற்காலி காலி. ஆனால் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"சிட்டு?"

"என்னம்மா?"

குரல் நாற்காலியிலிருந்தே வந்தது.

"எங்கடி இருக்க?"

"இங்கதான். மாமா மடியில."

அது போன மாதம் இறந்துபோன அண்ணனின் நாற்காலி. கூட வேலை பார்த்தவர், அவள் அண்ணா என்று கூப்பிட்டவர், குழந்தை வந்தால் சட்டைப் பையிலிருந்து டாஃபி எடுத்துத் தருபவர். "அவர் பேரு மட்டும் அதுல இருந்துட்டுப் போகட்டுமேம்மா" என்று அவர் மனைவி கேட்டதால், சர்வரில் அவர் நுழையும் கணக்கை அவள் அழிக்காமல் விட்டிருந்தாள். அந்தச் சின்ன இரக்கத்துக்காகக் கடவுள் தன்னைக் கோபிக்கமாட்டார் என்று நம்பியிருந்தாள்.

மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர முயன்றாள். திரையில் ஒரே வரி. உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரிடம் கேளுங்கள்.

கீழே, அண்ணனின் பெயர்.

வாய்க்குள் பிரார்த்தனை தடுமாறியது. நல்ல மனிதர். ஒருவரையும் நோகப் பேசாதவர். கேட்டால் தருவார்.

"அண்ணா, குழந்தையக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விசிறிகள் நின்றன.

காகிதம் பிரியும் சரசரப்பு.

"அங்க தனியா இருக்க மாமாவுக்குப் பயமா இருக்காம், அம்மா" என்றாள் சிட்டு. "உனக்கும் ஒண்ணு தர்றாங்க. கைய நீட்டு."

மகளைத் தொட்டுவிடலாம் என்ற தவிப்பில் நீட்டினாள். உள்ளங்கையில் டாஃபி விழுந்தது. உடம்புச் சூடு இருந்தது அதில்.

குனிந்து பார்த்தாள்.

டாஃபி தெரிந்தது. அதைத் தாங்கியிருந்த கை தெரியவில்லை.