ஒட்டுக்கேட்ட வீடு

ஹெட்ஃபோனுக்குள் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நடுநடுவே தொண்டை கமறுவதுபோல் 'க்ர்ர்' என்று இழுத்து, அப்புறம் 'டக்'. தட்டச்சுக்காரியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தோடு தூங்கி எழுந்தவளுக்கா தெரியாது? அது அவள் வீட்டு விசிறி.

அந்த அலுவலகத்தில் அதுதான் வேலை. யார் வீட்டுச் சத்தமோ, பெயர் வராது, எண்தான் வரும்; இருமல், தும்மல், பெருமூச்சு ஒன்று விடாமல் தட்டச்சு செய்து தள்ள வேண்டும். சட்டமே அனுமதித்த வேலை, நமக்கென்ன வந்தது என்றுதான் அவளும் இருந்தாள். அரசாங்கம் வீடு வீடாகக் காது வைக்கிறது என்று வெளியே போட்டு உடைத்தவன் அவள் தம்பி. இப்போது அவனைத் தேடாத இடமில்லை. அவனோ அவள் வீட்டு உள்ளறையில் தாழிட்டுக்கொண்டு கிடக்கிறான். அக்கா குரல் கேட்டாலொழியத் திறக்க மாட்டான்.

விசிறிச் சத்தத்துக்கு அடியில் தம்பி மெல்ல இருமினான்.

'வீட்டில் ஆள் இல்லை' என்று அடித்து அனுப்பிவிட்டாள்.

பின்னால் பெப்பர்மின்ட் வாசனை. மேலதிகாரி. இனிக்க இனிக்கப் பேசுவதால் எல்லாருக்கும் அவர் 'சக்கரை'.

"என்னம்மா, அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"வெறும் வீடு சார். விசிறிதான் ஓடுது."

"ஆளில்லாத வீட்ல விசிறி யாருக்கு ஓடுது? பேய்க்கா?" சிரித்தார். "இது பதிவு இல்லம்மா. இப்ப நடந்துக்கிட்டிருக்கு. இனிமே யாரும் பேசமாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தலைவலி சார். கிளம்பறேன்."

"போலாம், போலாம். என்ன அவசரம்?" தோளை அழுத்தி உட்காரவைத்தார். "உன் வீட்டு உள்ளறைக் கதவ ஒடைக்கலாம்தான். அக்கம்பக்கம் கூடிடும். எதுக்கும்மா வம்பு? உன் பேச்சையும் இத்தனை வருஷமா சேத்து வச்சிருக்கோமே."

ஹெட்ஃபோனில் வாசல் பூட்டு திறந்தது. காலடிகள். ஒன்றல்ல, பல. உள்ளறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றன. இருமல் அடங்கியது.

கத்தினாள். என்ன பிரயோஜனம்? அந்த வீட்டில் இவர்கள் வைத்தது காது மட்டும்தான்.

கதவில் விரல் தட்டியது. மெல்ல.

"கண்ணு, நான்தான்டா. கதவத் தெற."

இங்கே உட்கார்ந்திருக்கும் அவளுடைய குரலேதான். பாதியில் மூச்சு வாங்கும் அதே இழுப்பு.

"வந்துட்டியாக்கா?" என்றான் தம்பி.

தாழ்ப்பாள் நகர்ந்தது.