கொழும்பு முத்திரை

"அன்ரி, பிளேனால இறங்கினோடன ஒரு லோயர், லோயர் இல்லாமப் போயிடுவாவோ?"

முன்பொரு நாள், மேல்வீட்டுச் சிறுமி மேனுஷா கேட்டது.

"ஓம் குஞ்சு. லண்டனில திரும்பவும் பதியவேணும்" என்று சிவரூபினி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பிறகொரு காலை ஒரு போனில் செத்துப்போனது...

"சட்டத்தரணி சிவரூபினியோ?"

முன்பின் தெரியாத ஆண் குரல். அவள் விறைத்துப்போனாள்.

கொழும்பில் அவள் சட்டத்தரணி. இங்கே பரீட்சைகள் முடிந்து, பதிவு மட்டும் பாக்கி. அதற்குள் லண்டன் நோர்பரிக் கோயில் அன்னதானத்தில், சித்தப்பா பெருமை தாங்காமல் அவள் பெயரைச் 'சட்டத்தரணி' என்றே மைக்கில் சொல்ல வைத்துவிட்டார்.

ஒரு காது அதைக் குறித்துக்கொண்டது!

"மேனுஷான்ர தாய் வசந்தமலருக்கு அகதி அசைலம் கேஸ் எழுதிக் குடுத்தது நீர்தானே? பதிவில்லாமல் செய்திருக்கிறீர். நான் வாய் திறந்தா உம்மட பதிவு போச்சு. என்ர ஒபிசுக்கு வாரும்."

போனாள். கடைக்கு மேலே ஓர் இருண்ட மாடிப்படி. ஹூடியை முகம்வரை இழுத்துவிட்ட ஒரு பெண் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

உள்ளே, போனில் மிரட்டிய ஞானேஸ்வரன். நெற்றி நிறையத் திருநீறு. அன்னதானத்தில் சோறு பரிமாறிய அதே கை...

அந்தக் கை கதவைப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போட்டது.

"பயப்படாதையும், தங்கச்சி. இஞ்ச நீர் லோயர் இல்லை. அங்க லோயர். எனக்கு ரெண்டும் வசதி."

ஊரில் நடக்காத கைதுகளை நடந்ததாக அவள் கொழும்பு முத்திரை குத்தி உறுதிப்படுத்த வேண்டுமாம். பொய்க் கேஸ்கள். நாளை மெய்யாகவே அடிபட்டு வருகிறவர்களையும் யாரும் நம்பாமல் செய்துவிடும் பொய்கள்.

மனதுக்குள் முருகனை அழைத்தாள்.

"ஏலாது, அண்ணை."

"அப்ப, பதிவு?"

"வசந்தமலருக்கு உதவினதை நானே பதிவு குடுக்கிறவையளுக்கு எழுதிப்போட்டன். இப்ப, பஸ்ஸில வரேக்க. கிடைச்சாக் கிடைக்கட்டும்."

அவன் முகம் மாறியது.

"அப்ப நீர் வெளியில போகேலாது."

உள்ளறைக்குப் போய் யாருக்கோ போன் போட்டான். வான் வண்டியைப் பின்பக்கம் கொண்டுவரச் சொல்வது கேட்டது.

க்ளிக்!

பூட்டிய கதவு மெல்லத் திறந்தது.

வெளியே யாருமில்லை. ஈரப் படிகள் மட்டும் மினுங்கின.

ஓடினாள். பொலிஸ் ஸ்டேஷன் வரை நிற்கவேயில்லை.

"திறப்பு என்ர பொக்கற்றிலதானே கிடந்தது!" பொலிஸோடு கைவிலங்கில் படியிறங்கும்போதும் ஞானேஸ்வரன் அதையேதான் புலம்பினான்.

பல கேள்விகளுக்குப் பிறகு, தாமதமாகத்தான் என்றாலும், சிவரூபினிக்குப் பதிவு கிடைத்தது. கதவைத் திறந்தது முருகன் என்றே இன்றுவரை நம்புகிறாள். நம்பட்டும். முருகனும் சில வேளை ஆள் அனுப்புவதுண்டு.

ஞானேஸ்வரன் பிடிபட்ட அன்று மாலையே, ஆளில்லாத பஸ் தரிப்பில் நின்று ஹூடியைப் பின்னே தள்ளினாள் வசந்தமலர். துப்புரவு வேலைக்கென்று ஞானேஸ்வரன் எப்போதோ கொடுத்து மறந்துவிட்ட மறுதிறப்பை எடுத்தாள். வடிகாலுக்குள் நழுவவிட்டாள். வேலையும் அதோடு போயிற்று. பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

கதவு திறந்துவிட எந்த நாட்டிலும் பதியத் தேவையில்லை!