அடைபட்ட குழாய்

2024 ஓகஸ்ட் 13, செவ்வாய். இடம்: குறிஞ்சிப்பிட்டி, மஸாஹிர் வீடு. முற்றத்தில் தாழ்ந்திருந்த கொங்கிரீட் சிலாப்புகளைத் தூக்கினோம். பிழை: பக்கத்திலிருந்த பழைய குழாயின் வாயைத் துணியால் அடைக்க மறந்துவிட்டேன். சீமெந்துக் குழம்பு அதற்குள் ஏறி இறுகிவிட்டது. சிறிய பிழை.

அந்தக் கடைசி வரியைக் கிளைட்டன் இரண்டு தடவை வாசித்தான். மாலைத் தொழிற்பயிற்சி வகுப்பில் நாளாந்தம் வேலைக்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து அவன் எதையும் விடுவதில்லை. எழுதியது சரிதானா என்ற சந்தேகம் அவனையும் விடுவதில்லை.

புதன்கிழமை பின்னேரம், சிலாப்புகள் மட்டமாக நிற்கின்றனவா என்று பார்க்க கூட வேலை செய்யும் நஸீரோடு மறுபடி போனான்.

"என்னடா, நேத்தைய பாவமெல்லாம் எழுதிட்டியா?" நஸீர் வழியெல்லாம் சீண்டிக்கொண்டு வந்தான். "பாவசங்கீர்த்தனத்தில ஃபாதரிட்டயும் நீ இவ்வளவு சொல்லமாட்டாய்."

வெங்காயத் தோட்டப் பக்கமிருந்து வந்த காற்று வாசலோடு நின்றுவிட்டது. முற்றத்தில் ஈர மணலின் மணம் மட்டும் இருந்தது. மஸாஹிரின் மனைவி ஜெமீலா, சாண் உயரக் குழாயின் பக்கத்தில் குந்தியிருந்தார். நேற்று அவர் கற்பிட்டியில், தங்கச்சி வீட்டில். அந்த நாளைத்தான் மஸாஹிர் வேலைக்கு வரச்சொல்லிக் குறித்திருந்தார்.

"இத அடச்சது ஆரு, மகன்?"

"நான்தான் உம்மா. பிழையா நடந்திட்டு. துளைக்குள்ள குழம்ப பம்ப் பண்ணினா அது அடியில பரவித்தான் சிலாப்பத் தூக்கும். பக்கத்து ஓட்டையெல்லாம் முதல்ல அடைக்கணும். நான் மறந்திட்டன்."

அவர் ஏசவில்லை.

"இதுக்குக் கீழதான் கிணறு இருந்திச்சி. எங்கட மகன் அக்ரம் தூர் எடுக்க எறங்கினான், மணல் சரிஞ்சிட்டு. இந்தக் குழாய உள்ளுக்கு விட்டம். விடிய விடிய இதாலதான் மூச்சு விட்டான். சுபஹு பாங்குக்கு முந்தி மூச்சு நிண்டிட்டு. மையித்த எடுத்து அடக்கினம். கிணத்தையும் மூடினம்." குழாயின் விளிம்பில் காய்ந்திருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினார். "ஆனா பொழுதுபட மஹ்ரிபு தொழுதிட்டு வந்து இதில காது வச்சா, இன்னும் மூச்சு வரும்."

நஸீர் முணுமுணுப்பாக எதையோ ஓதத் தொடங்கினான்.

என்ன செய்வதென்று தெரியாமல், கை பழகிய வேலையையே கிளைட்டன் செய்தான். மட்டக்கோலைச் சிலாப்பின் நடுவில் வைத்தான். அதன் கண்ணாடிக்குள் மட்டம் காட்டும் குமிழி நடுவில் நின்றது.

பிறகு மெல்ல இடப்பக்கம் போனது.

திரும்பி வந்தது.

மறுபடி போனது.

அவன் உள்ளங்கையைச் சிலாப்பில் வைத்தான். நேற்றுத்தான் தூக்கி நிறுத்திய சிலாப், நித்திரை கொள்பவனின் நெஞ்சைப்போல ஏறி இறங்கியது.

பள்ளிவாசலில் மஹ்ரிபு பாங்கு சொல்லக் கேட்டது. அது முடிந்ததும், அடைபட்ட குழாய்க்குள் ஏதோ இழுபட்டது. ஏறப் பார்த்தது, ஏற முடியாமல் விம்மியது. குமிழி விரைவாக ஓடத் தொடங்கியது.

"துளக்கிற மெசின எடு!" கிளைட்டன் கத்தினான்.

நேற்று விட்டுப்போன மெசினின் வயரை நஸீர் இழுத்தான். அது வரவில்லை. மறுமுனை மஸாஹிரின் கையில் இருந்தது. நேற்றுக் குழம்பு குழாய்வாயால் வழிந்தபோதும் அவர் இதே கதவடியில்தான் நின்றார் என்பது கிளைட்டனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றார்.

"விடுங்க தம்பி. வேல முடிஞ்சிட்டு."

"மஸாஹிர் நானா, உள்ளுக்கு ஆரோ..."

"எனக்கும் கேக்குது." அவர் ஜெமீலாவைத்தான் பார்த்தார். "அண்டைக்கு அக்ரம் உன்ன உம்மா எண்டு கூப்பிட்டான். நீ ஆசையாக் கேட்டுட்டு இருந்தாய். என்னட்ட என்ன கேட்டான் தெரியுமா? ‘மணல் இளகியிருக்கு எண்டு சொன்னேனே வாப்பா, ஏன் எறக்கினீங்க?’ பத்து வருஷமா அதத்தான் கேக்கிறான். நான் நிம்மதியாப் படுக்க வேணாமா?"

ஜெமீலா எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"போன தரம் மணல்," என்றார். "இந்தத் தரம் சீமெந்து."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிலாப் அசையாமல் கிடந்தது. எப்போது நின்றது என்று கிளைட்டன் கவனிக்கவில்லை. மஸாஹிர் வயரை அழகாகச் சுருட்டி நஸீரிடம் கொடுத்தார். நஸீர் அதை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வாசலுக்கு நடந்தான்.

அன்று வகுப்புக்குப் பிந்திப் போன கிளைட்டன், கடைசி மேசையில் மட்டக்கோலை வைத்துவிட்டுக் குறிப்பைத் திறந்தான். மேலே மின்விசிறி சுற்றியது. கரும்பலகையில் ஆசிரியர் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

ஈர மணல் மணத்தது.

அவன் மேசையைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தான்.

குமிழி இடப்பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது, விரைவாக.

நேற்றைய பக்கத்தில் ‘சிறிய’ என்ற சொல்லை வெட்டினான். அதன் கீழே எழுதினான்:

நாளைய வேலை: முதலில் குறிஞ்சிப்பிட்டி. நீளமான துளைக்கம்பி கொண்டுபோக வேண்டும். குழாயைத் திறக்க வேண்டும்.