அரை மைலில் கோவை

சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

இங்கிலாந்தின் தென்கோடியில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கிராமம் மார்ல்கோம்ப். அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் அக்கா மயிலாத்தாளைப் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தான் செல்லமுத்து. வந்த மறுநாளே மச்சானைக் காணோம்!

"கவுந்த கப்பலோட புதையல் பெட்டி குகைக்குள்ள கெடக்குதாம். எடுத்துட்டு வந்தர்றேன்" என்று, கருவேப்பிலை வாங்கப் போகிறவர் மாதிரி காலையில் கிளம்பிய மச்சான் கருப்பணன், மத்தியானச் சோற்றுக்குத் திரும்பவில்லை. போன் மட்டும் வந்தது. காற்றிரைச்சலுக்கு நடுவே அலறினார்.

"மாப்ளே! கோவ்ல மாட்டிக்கிட்டேன்! தண்ணி ஏறுது! கயிறெடுத்துட்டு ஓடியா!"

பேச்சு அறுந்துபோனது. செல்லமுத்து தலையைச் சொறிந்தான்.

"கோவையில மாட்டிக்கிட்டாராங்க்கா."

"கோவையிலயா? காலையில இங்கதானடா இட்லி தின்னாரு!"

"தண்ணி வேற ஏறுதாம்."

"அப்ப அங்க ஊருல நம்மூட்டு மொட்டை மாடித் தொட்டிக்குத்தான் ஏறுது. மோட்டாரப் போட்டவரு அணைக்கத் தெரியாம நிக்கறாரு. ஆமா, கயிறு எதுக்கு?"

"கெணத்துல விழுந்துட்டாரோ என்னமோ!"

அக்காவின் முகம் வெளுத்தது. "அந்த மனுசன் உசுரோட வரோணும். ஓடு சாமி!"

விமானம் பிடிக்கப் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்துக்குப் பறந்தான் செல்லமுத்து. அங்கே நண்டு பிடிக்கும் ஹில்டா அம்மாள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "எங்கேப்பா ஓட்டம்?" என்றாள் ஆங்கிலத்தில்.

"கோவை!"

"கோவ்? அதுக்கு எதுக்குப் பஸ்?" என்று எதிர்ப்பக்கம் இருந்த கைகாட்டிப் பலகையைக் காட்டினாள். கோவ், அரை மைல்.

செல்லமுத்துவுக்குத் தலை சுற்றியது. அரை மைலா! அப்படியானால் அந்த விமானக்காரன் ராத்திரி முழுக்க நம்மை எங்கே வைத்துச் சுற்றினான்?

"கடல் ஏறுற நேரம். குகை கூரைவரைக்கும் மூழ்கிடும். உள்ளே ஆள் இருக்கா?"

"கோவைக்கு ஏதுங்க கடல்?"

அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டாள். செல்லமுத்துவும் பின்னால் ஓடினான். மஞ்சள் பூ பூத்த முட்புதர் வேட்டியைக் கிழித்தது. மூடுபனிக்குள்ளிருந்து கடற்காகங்கள் ஏசின. பாறை விளிம்பில் போய் நின்றால் காந்திபுரமும் இல்லை, உக்கடமும் இல்லை! வெள்ளைப் பாறைகளின் மடியில் ஒரு குட்டி வளைகுடா, அதில் உறுமும் அலை. அதற்குத்தான் அந்த ஊரில் கோவ் என்று பெயர்!

"மச்சான்!"

"கழுத்துவரைக்கும் வந்துருச்சு மாப்ளே!"

ஹில்டா கயிற்றின் நுனியில் சுருக்குப் போட்டாள். விளிம்பிலிருந்த எச்சரிக்கைக் கம்பத்தின் குறுக்குக்கட்டை மேல் போட்டுக் கீழே இறக்கினார்கள். வெடுக்கென்று ஓர் இழுப்பு! இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். பனிக்குள்ளிருந்து நனைந்த வழுக்கைத் தலை எழுந்தது. அடர்ந்த மீசை.

"ஒரே நாள்ல இப்படி ஊதிட்டீங்களே மச்சான்!"

அது அவன் முகத்தில் தும்மியது. கடல்நாய்!

"யோவ் மாப்ளே," என்று கீழிருந்து குரல், "எனக்கு முன்னாடி யார இழுக்கறே?"

செல்லமுத்து கயிற்றின் மறுமுனையை வீசினான். மச்சான் இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்குள் அவமானப்பட்ட கடல்நாய், சுருக்கோடு சேர்த்துக் கடலில் குதித்தது. கிணற்று ராட்டினத்தில் ஒரு குடம் இறங்க மறுகுடம் ஏறுமே, அப்படி ஏறி வந்தார் கருப்பணன், கக்கத்தில் இரும்புப் பெட்டியோடு! வழியில் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்களாம்.

வீட்டில் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சுருள் சுருளாகக் கல். எந்தக் காலத்திலோ கல்லாகிப்போன கடல் நத்தைகள் என்றாள் ஹில்டா.

"கல்லு முறுக்குக்கா உசுர வுடப் பார்த்தீங்க?" அக்கா, புருசன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அந்தத் தலையையே கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆகவே, போனில் ஊர்ப்பெயர் சொன்னால் மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தகவல்: செல்லமுத்து, அவனைப் பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை; அக்கா தங்கை யாரும் கிடையாது.