மூன்று சதவீதம்

கணவாயிலிருந்து இறங்கி வருகிற எவரும் துமாரின் டீக்கடைக்குள் காலை வைத்ததும் முதலில் டீ கேட்பார்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, அதன் ஆவியில் முகத்தைக் காட்டிய பிறகுதான் அவர்களுக்குப் பேச்சே வரும். அன்று மத்தியானம் பனிப்புயலோடு உள்ளே வந்தவன் டீ கேட்கவில்லை. தொப்பியில் குவிந்திருந்த பனியைத் தட்டவில்லை. கதவை முதுகால் சாத்திவிட்டு, அங்கேயே நின்றபடி, "சார்ஜர் இருக்கா அக்கா?" என்றான்.

காலையிலிருந்தே சாலையைப் பனி மூடிக்கொண்டு வந்தது. அவள் கணவன் எசென் பனி தள்ளும் வண்டியோடு மேலே போயிருந்தான். புயல் ஓயும்வரை அவன் இறங்கமாட்டான். கடையில் அவளும் பூனையும் மட்டும். தகரக் கூரைமேல் காற்று ஏதோ பெரிய மிருகம் முதுகைத் தேய்ப்பதுபோல உரசிப் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் நிலக்கரி அவ்வப்போது பிளந்து முறிந்தது. பெரிய இரும்புப் பானையில் ஆட்டெலும்பு சூப் அடிவயிற்றிலிருந்து குமுறிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் உறைபனி இலை இலையாகப் படர்ந்திருக்க, மேல்பாதி வழியே வந்த வெளிச்சம் பால் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக இருந்தது. வெளியே, கடைக்கு நேர் எதிரே, அவன் வந்த கார் அதற்குள் ஒரு வெள்ளை மேடாக மாறத் தொடங்கியிருந்தது.

அவன் நீட்டிய போனை வாங்கியதும் அவள் விரல் சுள்ளென்றது. பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி. திரை மங்கலாக எரிந்தது. மூன்று சதவீதம்.

"இப்படியே சொருகக் கூடாது தம்பி. உறைஞ்சு கெடக்கு. கொஞ்ச நேரம் உடம்புச் சூட்டுல இருக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

"இப்பவே போடு."

இந்தப் பேச்சுக்கு அவள் பழகியவள். ஜில்லிட்ட போனைச் சார்ஜரில் போட விடமாட்டாள். அடுப்புப் பக்கத்தில் வைக்க விடமாட்டாள். இருபதுக்குக் கீழே இறங்க விட்டவனைத் திட்டுவாள், எண்பது தொட்டதும் யாருடையதாக இருந்தாலும் பிடுங்கி விடுவாள். லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். 'நம்ம பொண்டாட்டிகூட நம்மள இப்படிக் கவனிச்சதில்லடா, அடுத்த ஜென்மத்துல துமார் அக்கா கடையில போனாப் பொறக்கணும்' என்பார்கள். சிரிக்கட்டும். வெளியில் கிடந்து விறைத்த போனை வந்த கையோடு சார்ஜில் போட்டு, தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய ஒரு குளிர்காலத்தில் அது உப்பி வெடித்தது. இடது தாடையிலிருந்து காதுவரை அவள் தோல் இன்னமும் உருகிய மெழுகாகத்தான் இருந்தது.

அதை அவனுக்குத் திரும்பிக் காட்டினாள். "பாத்தியா? அவசரப்பட்டதுக்குக் கெடச்சது."

அவன் கிட்டே வந்தான். கையுறை போட்ட விரலால் அந்தத் தழும்பை மேலிருந்து கீழே மெல்லத் தடவிப் பார்த்தான். அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவன்மேல் பெட்ரோல் வாடை, நனைந்த கம்பளி வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. குளிருக்கு முன்னால் ஊரெல்லாம் ஆடு அறுத்து இறைச்சி சேமிக்கும் நாளில் முற்றத்தில் நிற்குமே, அந்த வாடை.

"அணையக் கூடாது" என்றான். "அணைஞ்சா மறுபடி பூட்டு நம்பர் கேக்கும்."

"கேட்டா அடிச்சாப் போச்சு."

"மறந்துடுச்சு."

"சொந்த போனோட பூட்டு நம்பரையா? பனி மண்டைக்குள்ளயும் பூந்துடுச்சா தம்பி?"

அவன் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு மட்டும் கடைக்குள் கொஞ்ச நேரம் தனியாக நின்று, பிறகு அதுவும் போனது.

"சரி. உன் உடம்புலயே வச்சு சூடு பண்ணு. என் கண்ணு முன்னாலயே நில்லு" என்றான்.

அவள் போனை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு, சட்டைக்கு உள்ளே, விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். குளிர் எலும்பில் இறங்கியது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்தான். வலது கையுறையைக் கழற்றினான். இடதைக் கழற்றவில்லை. கேட்க எத்தனையோ இருந்தன, எங்கிருந்து வருகிறாய், மேலே எசெனின் வண்டியைப் பார்த்தாயா என்று. ஆனால் அவன் கண் இமைக்காமல் இருந்தது, அவள் கரண்டியால் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போது அவள் விலாவில் ஏதோ துடித்தது.

போன்தான். ஒருமுறை அதிர்ந்து நின்றது. பிறகு இன்னொருமுறை. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல, அவள் எலும்பில், விடாமல். யாரோ இவனுக்குச் செய்தி மேல் செய்தியாக அனுப்புகிறார்கள். அதிர்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். ஏனோ சொல்லவில்லை.

அவன் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்தான். அடுப்பின் விளிம்பில் கிடந்த தகரத் தட்டில், நெருப்புக்கு ரொம்பப் பக்கமாகவும் இல்லாமல் தள்ளியும் இல்லாமல், பொறுமையாக நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"இதுவும் கொஞ்சம் சூடாகட்டும்."

ரொட்டியாக இருக்கும் என்று நினைத்தாள். உறைந்த இறைச்சித் துண்டாக இருக்கும். பூனை மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தது. பல்லால் துணியின் நுனியைக் கவ்வி இழுத்தது.

அவன் எழுந்ததை அவள் பார்க்கவில்லை. பூனை சுவரில் மோதிய சத்தத்தைத்தான் கேட்டாள். ஈரத்துணியைக் கல்லில் அடித்தமாதிரி ஒரே ஒரு சத்தம். பிறகு அது சுவரோரம் கிடந்தது. வால் மட்டும் ஒருதரம் அசைந்தது.

பொட்டலம் அவிழ்ந்து தரையில் உருண்டிருந்தது.

ஒரு விரல். ஆணுடைய கட்டைவிரல். நகத்துக்கடியில் வண்டிக்காரர்களுக்கு இருக்கிற கறுப்பு கிரீஸ்.

அவன் குனிந்து அதை எடுத்தான். வாயருகே வைத்து ஊதினான், உள்ளங்கையில் வைத்து உருட்டினான், குழந்தையின் கையைச் சூடேற்றுவதுபோல. "கத்தாத அக்கா" என்றான். "எனக்குக் கத்துனா புடிக்காது."

அவள் கத்தவில்லை. சுவரோரம் எண்பதில் கழற்றி வைத்திருந்த அவளுடைய போனை அவன் எடுத்து, தரையில் போட்டு, குதிகாலால் நசுக்கினான். அது பொடியாகிற வரைக்கும் காலைத் திருகினான்.

"இப்ப அதைக் கொடு."

கொடுத்தாள். விரலை எச்சில் தொட்டு ஈரமாக்கி, போனில் வைத்து அழுத்தினான். திறக்கவில்லை. துடைத்து, மறுபடி ஊதி, மறுபடி அழுத்தினான். திறந்தது. திரையில் ஒரு பெண்ணும், முன்பல் விழுந்த ஒரு சிறுமியும் வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்கள். இன்னும் மூன்று சதவீதம்.

குரல் செய்தியைத் தட்டினான். ஒரு பெண்குரல் கடைக்குள் வந்தது.

"மேடெர், எங்கய்யா இருக்க? ஏன் எடுக்கமாட்டேங்குற? பாப்பாவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். நான் தனியாத்தான் இருக்கேன். அவன் நேத்தும் வாசல்ல வந்து நின்னான். எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. நீ வந்து சொல்ற வரைக்கும் யாருக்கும் கதவத் தெறக்கமாட்டேன், சத்தியமா. ஒரு வார்த்தை அனுப்பு. வந்துடுய்யா."

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டான். அவன் முகத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. அதுதான் துமாருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"என் பெர்மெத்" என்றான். "எனக்குன்னு பேசி வச்சவ." இடது கையுறையைக் காட்டினான். விரல்கள் உள்ளே ஒடிந்து வீங்கியிருந்தன. மேடெர் சும்மா விட்டுவிடவில்லை. "இந்த ஒத்தக் கையும் வெறைச்சுப் போச்சு, எழுத முடியல. நீ எழுது. 'பக்கத்துல வந்துட்டேன். வண்டி நின்னுடுச்சு. ஃபிரண்டு ஒருத்தன முன்னால அனுப்பறேன். அவனுக்குக் கதவத் தெற.' அனுப்பிட்டு சார்ஜ்ல போடு. நல்லா ஏத்தி விடு. அவ வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இது உயிரோட இருக்கணும். அவ கேக்கக் கேக்கப் பதில் போகணும்."

அவள் எழுதினாள். தோளுக்குப் பின்னால் அவன் மூச்சு. ஒவ்வொரு எழுத்தையும் அவன் படித்தான்.

"இங்க சிக்னல் கெடையாது" என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை. "சன்னல்கிட்ட போனாத்தான் போகும். பிளக்கும் அங்கதான் இருக்கு."

"போ."

சிக்னல் கடை முழுக்க இருந்தது. சன்னலோர பிளக் பாதிச் செத்தது. அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் வரும். அவள் வயரைச் சொருகினாள், அழுத்தவில்லை. செய்தியை அனுப்பும் பொத்தானையும் தொடவில்லை. போனின் முதுகைக் கண்ணாடியோடு, உறைபனியோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமாகச் செய்யாதே செய்யாதே என்று ஊருக்கே சொன்னதை அவள் செய்துகொண்டிருந்தாள். குளிர் பாட்டரியின் உயிரை உறிஞ்சும். உறிஞ்சட்டும். அந்தப் பெண்ணின் கதவு பூட்டியே இருக்கட்டும்.

"போயிடுச்சா?"

"சுத்திக்கிட்டே இருக்கு."

இரண்டு.

வெளியே பனி சுழன்றது. காரின் வெள்ளை மேடு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அவள் கை விறைத்து மரத்துப்போனது. அவள் அசையவில்லை.

"ஏறுதா?"

"மெதுவாத்தான் ஏறும் தம்பி. அவசரப்பட்டா கெட்டுடும்."

"நீ சொன்னாச் சரி" என்றான். அவன் நம்பினான். அடுப்பருகே உட்கார்ந்து விரலைத் துணியில் சுற்றினான்.

நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. கால் மரத்தது. பானை குமுறியது. கூரை உரசியது.

ஒன்று.

அந்தச் சிறுமியின் சிரிப்பு மங்கியது. திரை கறுத்தது.

அவன் உடனே எழுந்தான், யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல. வந்தான். போனைப் பார்த்தான். வயரைப் பார்த்தான். பிளக்கை ஒரு விரலால் தொட்டான். அது ஆடிற்று.

"அக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சன்னல் கட்டையில் அடித்தான். பல் உடைந்தது. மறுபடி. வாய் முழுக்க இரும்புச் சுவை. இழுத்துப் போய் மேசைமேல் தள்ளினான். சரிந்து விழுந்தாள். அவன் பூட்ஸ் அவள் கைமேல். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கு நிலக்கரி பிளப்பதுபோல, தூரத்தில் கேட்டது. தவழ்ந்தாள். அடுப்பு. அவன் பின்னாலேயே நடந்தான், அவசரமில்லாமல்.

நல்ல கையால் பானையின் காதைப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டியது. விடவில்லை. இழுத்தாள்.

கொதிக்கிற சூப்பும் எலும்பும் கொழுப்பும், அவளைப் பிடிக்கக் குனிந்த அவன் முகத்தில்.

அவன் கத்தினான். கத்துவது பிடிக்காதவன். முகத்தைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றினான், முழங்காலில் விழுந்தான். அவள் நிலக்கரி உடைக்கும் கோடாரியை எடுத்தாள். அதன் பின்பக்கத்தால் அடித்தாள். கத்தல் நிற்கவில்லை. அடித்தாள். நின்றது. நின்ற பிறகும் அடித்தாள். கோடாரி தரையைத் தொட்டுத் திரும்ப வரும்வரை.

பிறகு காற்று மட்டும்.

தரையில் சூப்பும் இரத்தமும் கலந்து ஆவி பறந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு சிரிப்பு வந்தது. காப்பாற்றிவிட்டேன். முகம் தெரியாத ஒருத்தியை. அப்போதுதான் அவளுக்கு மற்றவன் ஞாபகம் வந்தது. மேடெர். அவனை எங்கே போட்டான்? கணவாயிலா? அந்தப் பெண்ணுக்கு உடலாவது கிடைக்க வேண்டாமா?

கதவைத் திறந்தாள். பனி முகத்தில் அறைந்தது. கடையிலிருந்து கார் பத்தடிகூட இல்லை. கதவின் பனியை முழங்கையால் தள்ளி, கைப்பிடியை இழுத்தாள். உறைந்திருந்தது. மறுபடி இழுத்தாள். திறந்தது.

முன்சீட்டில் ஒருவன். இழுவைக் கயிற்றால் காலும் மார்பும் சீட்டோடு இறுக்கிக் கட்டி, வாயில் துணி. ஒரு கை மட்டும் கட்டிலிருந்து உருவி வெளியே வந்திருந்தது. கட்டைவிரல் இல்லாத கை.

அவள் அவன் கழுத்தைத் தொட்டாள். சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தது. உயிர் இப்போதுதான் போயிருந்தது. துடிப்பு இல்லை. எங்கே தேடியும் இல்லை.

முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி தங்காமல் காற்று துடைத்திருந்தது, உள்பக்கம் முழுக்க உறைபனி. அதில் கோடு கோடாகச் சிவப்புச் சுரண்டல்கள். நான்கு நான்கு கோடுகள். மேலிருந்து கீழே, திரும்பத் திரும்ப, நகம் பிய்ந்து ஒட்டிக்கொண்ட வரைக்கும். நடுவில் உள்ளங்கையளவு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அவன் முகம் அதை ஒட்டிச் சாய்ந்திருந்தது. திறந்த கண்கள் அந்த ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்தன.

துமார் குனிந்தாள். அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

எதிரே கடையின் சன்னல். உள்ளே விளக்கு. அவள் அத்தனை நேரம் அசையாமல், இந்தப் பக்கம் பார்த்தபடி நின்ற இடம்.