சுமைதாங்கி நிழலில்

கத்திரி வெயிலில் காடு பார்க்கக் கிளம்புகிறவனை என்னவென்று சொல்வது? புகழ்வேந்தனுக்கு அந்த மாதம் கிடைத்த ஒரே சனி, ஞாயிறு அதுதான். கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஊர்ப்பட்ட பேரிடம் கெஞ்சி, முதுமலையில் ஓர் அறையும் போட்டிருந்தான். வெண்ணிலாவுக்கு யானை பார்க்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதிலிருந்து கேட்கிறாள். இப்போது ஆறாம் மாதம் பிறந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் டாக்டர் பயணத்துக்கு விடமாட்டார். அப்புறம் கைக்குழந்தை, அப்புறம் பள்ளிக்கூடம் என்று யானை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் தரித்த பிள்ளை அவர்களுக்குத் தங்கவில்லை. அதனால் இந்த முறை இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நாளைக் கடத்தினார்கள். அந்த வாரம்தான் பிள்ளை வயிற்றில் நன்றாக உதைக்க ஆரம்பித்திருந்தது. கையை வைத்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று புகழ் ஒருநாள் கம்பெனி பஸ்ஸையே கோட்டைவிட்டான். அந்தச் சின்ன உதை இருக்கிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவன் நம்பினான்.

"காட்டுல இருக்கற யானை எங்கடா ஓடிப்போவுது? புள்ளத்தாச்சிய இந்த வெய்யில்ல இட்டுனு போறியே," என்றாள் அவன் அம்மா தனக்கொடி. சொன்னவளே ராகுகாலம் முடியட்டும் என்று பிடித்து நிறுத்தினாள். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை என்று அடுக்குத் தூக்கை நிரப்பியும் கொடுத்தாள்.

சோரியாங்குப்பத்தை விட்டு வண்டி நகர்ந்தபோதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பாகூர் தாண்டியதும் ஏசி அனல் காற்றை ஊத ஆரம்பித்தது. வில்லியனூரில் மெக்கானிக் ஒருவன் அதைச் சரிபண்ணுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. விழுப்புரம் மெயின் ரோட்டில் ஏதோ வேலை நடக்கிறது, வண்டிகள் நிற்கின்றன என்று அவனே சொன்னான். சரி, பத்துக்கண்ணு வழியாகத் திருக்கனூர் போய் அங்கிருந்து விழுப்புரத்தைப் பிடிக்கலாம் என்று புகழ் வண்டியைத் திருப்பினான்.

செல்லிப்பட்டு நெருங்கும்போது உச்சிப்பொழுது. "மாமா, பசி தாங்கல," என்றாள் வெண்ணிலா.

சாலையோரம் பெரிய வேப்பமரம். அதன் பின்னால் ஆள் உயரத்துக்குக் கரும்பு. மரத்தடியில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு நெட்டைக் கற்கள், மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற அந்தக் காலத்தில் நட்டது. இப்போது யார் தலையில் சுமை தூக்குகிறார்கள்? புகழ் தூக்கை அதன்மேல் வைத்து அடுக்குகளைப் பிரித்தான். வெண்ணிலா கல்லில் முதுகைச் சாய்த்து நின்றாள். நிழலில் இருந்த கல் சில்லென்று இருந்தது.

"இடுப்பு வலியே போயிடுச்சு மாமா," என்றாள்.

அவர்கள் தட்டில் கைவைத்தபோது கரும்பின் ஓரத்தில் ஒருத்தி நிற்பதைப் புகழ் பார்த்தான். முகத்தில் மஞ்சள். ஒரு கை இடுப்பில். முந்தானையை இழுத்து முன்பக்கம் மூடியிருந்தாள். கரும்பின் காய்ந்த சோகை உரிக்க வந்தவளாக இருக்கும். அவள் இவர்களைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள்.

"வாங்கக்கா, சாப்புடலாம்," என்றான் புகழ்.

இதில் யோசிக்க ஒன்றும் கிடையாது. சாப்பிடும்போது யார் எதிரில் வந்தாலும் நம் பக்கத்தில் கூப்பிடுவோம். கூப்பிடாவிட்டால் சோறு இறங்காது. வருகிறவர்களும், "ஆவட்டும்பா, நீங்க சாப்புடுங்க, இப்பதான் ஆச்சு," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். கூப்பிடுவதும் ஒரு மரியாதை, வேண்டாம் என்பதும் ஒரு மரியாதை. நிஜமாகவே யாரும் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புகழ் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவள் மரத்தடிக்கு வந்திருந்தாள். நடந்து வந்ததை அவன் பார்க்கவில்லை. சருகு மிதிபடும் சத்தமும் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடித்து, மறுபடி பார்த்தபோது அங்கே யாருமே இல்லை.

"எங்க போனாங்க அவங்க?"

"யாரு மாமா?"

அவன் தூக்கின் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாதம் இருந்த அடுக்கும், முட்டை இருந்த அடுக்கும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருந்தன. ஒரு பருக்கை இல்லை. வெண்ணிலா சாப்பிட்டிருப்பாள் என்று அவன் நினைத்தான். இவன் சாப்பிட்டான் என்று அவள் நினைத்தாள். பசி அடங்காமலே இருவரும் வண்டியில் ஏறினார்கள்.

வண்டி நகர்ந்ததும் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது.

தை மாதம் எடுத்த புது வண்டி அது. எதற்கெடுத்தாலும் கத்தும். திரையில் பின்சீட்டின் படம் வந்து சிவப்பாக மின்னியது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். சீட்டில் பை எதையாவது வைத்திருந்தாலும் இப்படித்தான் ஏமாறும். புகழ் திரும்பிப் பார்த்தான். பைகள் எல்லாம் டிக்கியில் இருந்தன.

சீட் காலி.

வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய், காலி சீட்டின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது. ஆனால் பெல்ட் சீட்டோடு படியவில்லை. நடுவில் எதன்மேலோ ஏறி வளைந்து, வயிறு பெருத்த ஒருவர் மேல் கிடப்பது போலக் கிடந்தது.

அவன் கதவைச் சாத்தினான். வெயிலில் வந்த தலைசுற்றல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெண்ணிலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஈரமண் வாடையும் பச்சை மஞ்சள் வாடையும் அடித்தன.

திருக்கனூர் கடைத்தெருவைத் தாண்டும்போது வெண்ணிலா இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வியர்த்திருந்தது.

"மாமா, புள்ள அசையல."

"தூங்கும்டி."

"இல்ல. சாப்ட்டதுக்கப்புறம் அசையவே இல்ல. வயிறு பஞ்சு மாதிரி இருக்குது."

அவ்வளவுதான். யானை, காடு, அறை எல்லாம் அந்த நிமிடமே மறந்துபோயின. விழுப்புரம் வரை அவன் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரியில் நிறுத்தினான். ஸ்கேன் எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நின்று, தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொன்னான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். ஸ்கேனிலேயே கையைக் காலை ஆட்டுகிறதாம். தாய்க்குத்தான் தெரியவில்லை, வெயில் அசதியாக இருக்கும் என்றார்.

புகழுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வெண்ணிலா சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் கையை நீட்டினாள். வளைந்து கிடந்த பெல்ட்டுக்குக் கீழே, வெற்றிடத்தில், உள்ளங்கையை வைத்தாள்.

அவள் முகம் மாறியது.

"இங்க இருக்குது மாமா," என்று கிசுகிசுத்தாள். "இங்கதான் ஒதைக்குது."

"கைய எடு."

"தொட்டுப் பாருங்க."

அவன் தொடக்கூடாது என்றுதான் நினைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து வைத்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் சில்லென்ற, இறுகிய, உருண்ட ஒன்று இருந்தது.

அதன் உள்ளிருந்து உதைத்தது.

அந்த உதையை அவன் அறிவான். கம்பெனி பஸ்ஸைக் கோட்டைவிட வைத்த அதே உதை. புகழ் கையை உதறிக்கொண்டு வண்டியை வந்த வழியே திருப்பினான்.

வெயில் சாயாத நேரத்திலேயே மறுபடி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பில் நின்று பார்த்தார். பெயர் நடேசன். செல்லிப்பட்டுக்காரர். புகழ் ஓடிப்போய் உளறிக்கொட்டினான். கேட்கக் கேட்க அவர் மண்வெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் வண்டிப் பக்கம் பார்க்கவே இல்லை.

"இந்தக் கல்லு இன்னா கல்லுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? வயித்துப் புள்ளயோட செத்தவளுக்கு வெச்ச கல்லு. அவ சொம எறங்காம போயிட்டா. மத்தவங்க சொமய எறக்கி வெச்சா அவளுக்குக் கொஞ்சம் பாரம் கொறையும்னு வெக்கறது. கனகாம்பான்னு பேரு. எங்க பாட்டன் காலத்துக்கும் முந்தி. மூணு நாளு வலியில கெடந்தாளாம். பசிக்குது, சோறு போடுங்கன்னு கேட்டுக்கினே இருந்தாளாம். வலியில இருக்கறவளுக்குச் சோறு குடுக்கக் கூடாதுன்னு யாரும் போடல."

"நாங்க சும்மா ஒரு பேச்சுக்குத்தான்..."

"கூப்ட்டிங்களா?"

புகழ் தலையை ஆட்டினான்.

"சாப்ட்டாளா?"

அதற்கும் தலையை ஆட்டினான்.

"இப்ப இன்னா பண்றதுங்க? எதனா பூசை, பரிகாரம்..."

நடேசன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "வாங்கன்னு கூப்ட்டவங்கள போங்கன்னு சொல்ற பழக்கம் நம்மகிட்ட எங்கங்க இருக்குது? விருந்தாளியா பாத்து, போய்ட்டு வரன்னு சொன்னாத்தான் உண்டு." அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு, தூரமாகவே, வரப்போடு வரப்பாகப் போய்விட்டார்.

அவளுக்கு வைக்கலாம் என்று வரும் வழியில் திருக்கனூரில் வாங்கியிருந்த பிரியாணிப் பொட்டலத்தைப் புகழ் கல்லின்மேல் பிரித்து வைத்தான். பின்கதவைத் திறந்தான். பெல்ட்டைக் கழற்றினான். வெயிலில் நின்று, காலி சீட்டைப் பார்த்துக் கைகூப்பினான்.

"எறங்கி வாங்கக்கா. சோறு இங்க இருக்குது. எவ்ளோ வேணுமோ சாப்புடுங்க."

எதுவும் அசையவில்லை.

"தெரியாம கூப்ட்டுட்டன்கா. எங்களுக்கு இது ஒண்ணுதான் தங்கியிருக்குது. எறங்கிடுங்கக்கா."

கரும்புத் தோட்டம் மூச்சுவிடாமல் நின்றது. பிரியாணியில் ஈகூட உட்காரவில்லை. அவன் அழுதான். ரோட்டில் போன மினி பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு வாலிபன் காலி வண்டியைக் கும்பிட்டு அழுவதை. அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

வெண்ணிலா முன்சீட்டிலிருந்து திரும்பி, பின்சீட்டுக்கு மேல் தன் துப்பட்டாவை விரித்துப் பிடித்திருந்தாள்.

"கதவ சாத்துங்க மாமா," என்றாள் மெதுவாக. "புள்ளைக்கு வெயில் படுது."

அவன் சாத்தினான். வேறு என்ன செய்வான்?

சோரியாங்குப்பத்துக்கே திரும்பினார்கள். தனக்கொடியிடம் வண்டி ரிப்பேர் என்றார்கள். அதற்கப்புறம் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கோயில் கோயிலாகப் போனார்கள். எந்தக் கோயிலுக்கும் அந்த வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. வேறு வண்டியில் போனால், பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்த மாதிரி வெண்ணிலா பாதி வழியில் அலறினாள். அவள் வயிறு மாதாமாதம் முறைப்படி பெருத்தது. எடை, ரத்தம், துடிப்பு எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர்கள் எழுதினார்கள். ஆனால் ஓர் உதைகூட அவளுக்குத் தெரியவில்லை. பகல் சாப்பாடு ஆனதும் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குப் போவாள். பின்சீட்டில், ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்வாள். காலி இடத்தில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது மட்டும் அவள் முகத்தில் தாயின் சிரிப்பு வரும். புகழ் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பான். அவளிடம் அங்கே போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவனும் சில நாள் போய்த் தொட்டுப் பார்த்தான்.

ஆவணியில் குழந்தை பிறந்தது. பெண். சுகப்பிரசவம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில், வெண்ணிலாவின் வயிற்றிலிருந்துதான் பிறந்தது. புகழ் கையில் வாங்கிப் பார்த்தான். சூடாக, கனமாக, முழுசாக இருந்தது. வெண்ணிலா மகளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அவனும் நிம்மதியாக அழுதான். இனி வயிறு என்கிற பேச்சு இல்லை, பிள்ளை நம் கைக்கு வந்துவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை நர்ஸ் உஷாராணி வார்டுக்கு வந்தாள்.

"பால் சுரந்துச்சாம்மா?"

"இன்னும் இல்லக்கா. வாய் வெக்கவே மாட்டேங்குது. ராத்திரி பூரா அழவும் இல்ல."

"பசிச்சா அழுவும், வுடு," என்று தொட்டிலில் குனிந்தவள், குழந்தையின் கடைவாயைத் துணியால் துடைத்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். "யாரு பாலு குடுத்தது? அதுக்குள்ள புட்டிப் பால் குடுக்கக் கூடாதுன்னு சொன்னமே."

யாரும் கொடுக்கவில்லை.

புகழ் எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்த்தான். ஜன்னல் வெயில் முழுசாக உள்ளே விழுந்தது. குழந்தையின் வயிறு நன்றாக உப்பியிருந்தது. பிஞ்சுக் கைகள் இரண்டும் காற்றில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தன. கன்னம் குழிந்து குழிந்து நிமிர்ந்தது.

கண்ணை மூடியபடி, அவசரமே இல்லாமல், அது விழுங்கிக்கொண்டிருந்தது.